குறியீடு ஒன்பது

உப்புவெளியில் இரவு பதினொன்றரை.
காதுக்குள் ஒகையோ மாநிலத்தின் ஒரு பிற்பகல்.
யாரோ கோப்பிக்குள் கரண்டி சுழற்றுகிறார்.
கேள்வி ஏழு தொடங்குகிறது.

வேட்பாளரின் பெயர் வரும் இடத்தில்
ஒரு பீப் ஒலி வைத்திருக்கிறார்கள்.
ஆணா பெண்ணா, கிழமா இளசா,
எனக்குத் தெரியாது.
பெயரை வெட்டியவர்கள்
பெயருக்கு முன்னால் நின்ற சொல்லை மட்டும்
வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்:
சோசலிஸ்ட் பீப்.

ஒரு பதிவுக்கு நாற்பது ரூபாய்.
வாக்களிப்பேன் என்றால் ஒன்று.
மாட்டேன் என்றால் இரண்டு.
நாலு விநாடிக்கு மேல் பேசாதிருந்தால் ஒன்பது,
பதில் தர மறுத்தவர்.

கிண்ணியாவிலிருந்து மபாஸ் எழுதுகிறான்:
"உனக்கு எத்தனை இரண்டு?"
முப்பத்தொன்று என்கிறேன்.
"எனக்கு முப்பத்தாறு. பாவம் பீப்."

இத்தனைக்கும் கேள்வி ஆறில்
அதே ஆட்கள்தான்.
ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் ஏற்கலாமா என்றதற்கு
ஒரு லொறிச் சாரதி,
முழங்கால் மாற்றிய கடனை இன்னும் கட்டுகிறவர்,
ஓம் ஓம் ஓம் என்று மூன்று முறை சொன்னார்.
ஏழில் அந்தச் சொல் வந்ததும்
கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம்.
அவங்களோடதான் என்ர அப்பா சண்டை பிடிச்சவர்,
அப்படித்தான் என் காதில் விழுந்தது.
எவங்களோடு என்று
கேள்வி கேட்டவன் கேட்கவில்லை.
எனக்குக் கேட்கவேண்டும்போல் இருந்தது.
இரண்டு என்று அடித்தேன்.

அலுமாரியில் என் கடவுச்சீட்டு கிடக்கிறது,
ஒருதரமும் பறக்காதது.
அட்டையில் பொன்னிற எழுத்தில் அதே சொல்.
சனநாயகத்துக்கும் குடியரசுக்கும் நடுவில்,
நிலாவெளி பஸ்ஸில் அரைச் சீற்றில்
ஒடுங்கிக்கொண்டவரைப்போல.
அதனால் இங்கே ஒருவரும் தோற்றதில்லை.
வென்றதாகவும் ஞாபகம் இல்லை.
பெரியம்மாவின் வயலை
வனத் திணைக்களத்துக்கு எழுதிய வர்த்தமானியின்
நெற்றியிலும் அது இருந்தது.
பெரியாஸ்பத்திரியில்
ஒரு சதமும் வாங்காமல் என் குடல்வால்வை எடுத்தபோதும்
எங்கேயோ ஒரு முத்திரையில் இருந்திருக்கும்.
(மருந்து மட்டும் "வெளியில வாங்குங்கோ".)

இங்கே ஆளை விழுத்துகிற சொற்கள் வேறு.
அவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
பெயரைக் கேட்பார்கள்.
பிறகு ஊரைக் கேட்பார்கள்.
பிறகு
"அப்ப நீங்கள் அந்தப் பக்கம்" என்று
தாங்களே முடித்துக்கொள்வார்கள்.

போன தேர்தலில்
பஸ் நிலைய மதிலில் ஒட்டிய படங்களை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் தின்றன,
பசை காயமுன்னமே.
கட்சி பார்க்கவில்லை.
ஒருவருக்கு நெற்றி மிஞ்சியது,
ஒருவருக்கு வெறும் சின்னம்.
சின்னம் மிஞ்சியவர் வென்றார் என்பான் மபாஸ்.
அவன் சொல்வதில் பாதி கழிக்க வேணும்.

நாற்பத்திரண்டாவது பதிவு.
ஒரு பெண். இரவு வேலைத் தாதியாம்.
சோசலிஸ்ட் பீப் என்றதும்
பேச்சில்லை.
ஐந்து விநாடி. எட்டு. பதினொன்று.
தூரத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றுகிறது.

ஒன்பது என்று அடித்துவிட்டுப் போகவேண்டும்.

ஆனால் சீனக்குடாச் சோதனைச்சாவடியில்
அம்மா இப்படி நின்றிருக்கிறாள்,
கையில் அடையாள அட்டை, இடுப்பில் நான்.
அது மறுப்பில்லை.
எந்தப் பதில் சொன்னால்
வீடு போய்ச் சேரலாம் என்று
அவள் கணக்குப் பார்த்த நேரம்.

பின்னால் நகர்த்திக் கேட்கிறேன்.
பதின்மூன்றாவது விநாடியில் ஒரு மூச்சு.
அது வெறும் சொல்தானே என்கிறாளா,
அது என்ன சொல் என்கிறாளா,
மெஷின் சத்தம் விழுங்கிவிடுகிறது.
இன்னொருமுறை நகர்த்துகிறேன்.
நாற்பது ரூபாய்க்கு இது அதிகம்.

கரண்ட் போகிறது.
தெருவில் ஒவ்வொரு வீடாக மின்விசிறி நின்று
கடல் கேட்கத் தொடங்குகிறது.
மடிக்கணினியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்,
பதினெட்டு வீதம்.
அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
என் விரல் ஒன்பதின்மேல்.